குளியலறைக் கல் பராமரிப்பு: குமரி மாவட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனி ஆடியில் ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வெளியூர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளில் 'ஒரு நாள் காயவிடுங்கள்' என்று இருக்கும். இங்கே ஆடி மாதத்தில் ஒரு நாளில் துண்டுகூடக் காயாது. கீழே உள்ள பதில்கள் அதை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

எங்கள் பாத்ரூமில் போட்டிருப்பது என்ன கல் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது சுண்ணாம்பு இனமா இல்லையா என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். மார்பிள், கோட்டா கல், கடப்பா கல் மூன்றும் சுண்ணாம்பு இனம். அதாவது கால்சியம் கார்பனேட். பழைய வீடுகளில் இருக்கும் மொசைக் தரையும் மார்பிள் சில்லும் சிமெண்டும் கலந்ததுதான் என்பதால் அதே கூட்டம். கிரானைட் வேறு இனம்.

சோதனை எளிது. வேலை முடிந்து மிச்சம் கிடக்கும் துண்டு இருந்தால் அதில் செய்யுங்கள். இல்லையென்றால் கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டு விழுந்த வட்டம் பளபளப்பு இழந்து மங்கியிருந்தால் சுண்ணாம்பு இனம். பாலிஷ் இல்லாத கல்லில் மங்கல் தெரியாது. அங்கே பழைய கத்தி முனையால் லேசாகக் கீறிப் பார்க்கலாம்: மார்பிளும் கடப்பாவும் கீறல் விழும், கிரானைட்டில் கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டும்.

கடப்பாவையும் கறுப்பு கிரானைட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டும் கறுப்பு, இரண்டும் வாஷ்பேசின் மேடையில் வரும். ஒன்று ஆசிட் பட்டால் சாம்பல் நிறமாகிவிடும், இன்னொன்று அசையாது. பராமரிப்பு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் நிற்கிறது.

தினமும் எதைக் கொண்டு கழுவலாம்?

தினமும் கழுவ வேண்டாம். தினமும் துடைத்தால் போதும். கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் சுவர்க்கல்லை மேலிருந்து கீழாக ஒரு முறை இழுத்துவிட்டு, தரைத் தண்ணீரை ஓட்டைக்குத் தள்ளினால் ஒரு நிமிட வேலை. உப்புப்படலம், சோப்புப்படலம், பாசி மூன்றும் கல்லில் நின்று காயும் தண்ணீரிலிருந்து வருபவை. தண்ணீரைத் தள்ளிவிட்டால் மூன்றும் பாதிக்குமேல் குறையும்.

வாரம் ஒரு முறை ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம். 'பி.எச். நியூட்ரல்' என்று, அதாவது அமிலமும் காரமும் இல்லாதது என்று போட்டது நல்லது. மெத்தென்ற நைலான் பிரஷ் அல்லது துணியால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, துடைத்துவிடுங்கள். நுரை நிறைய வரட்டும் என்று நாலு கரண்டி ஊற்றினால் அலசினாலும் போகாத படலம் மிஞ்சும்; அடுத்த வாரம் அந்தப் படலத்தில்தான் அழுக்கு ஒட்டும்.

பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டி வேண்டாம், அதில் உராயும் தூள் இருக்கிறது. இரும்பு நார் கூடவே கூடாது: கீறும், அறுந்த துணுக்கு கல் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும். தேங்காய்த் தும்பு கிரானைட்டுக்குச் சரி. பச்சைக் கதம்பையைத் தண்ணீரில் நனைத்து மார்பிளில் தேய்க்காதீர்கள், அதன் சாறு பழுப்புக் கறை விடும்.

புது வீடு. வேலை முடிந்த அன்று கொத்தனார் சிமெண்ட் திட்டைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவினார். மார்பிள் மங்கலாகிவிட்டது. கழுவினால் சரியாகுமா?

ஆகாது. அது அழுக்கு கிடையாது, கல்லின் மேல்தோல் கரைந்து போன இடம். அமிலம் கால்சியம் கார்பனேட்டைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக நுரைத்து வெளியேற்றுகிறது. வழவழப்பாக இருந்த மேற்பரப்பு சொரசொரப்பாகி, வெளிச்சத்தைச் சீராகத் திருப்பாமல் சிதறடிக்கிறது. அதுதான் மங்கல். எந்தக் கிளீனரும் இல்லாத கல்லைத் திருப்பித் தராது.

திட்டு சிறிதாக, விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு லேசாக இருந்தால், மார்பிள் பாலிஷ் தூளை வாங்கி நீங்களே பார்க்கலாம். டின் ஆக்சைடு உள்ளது நல்லது. கல்லை நனைத்து, அரைத் தேக்கரண்டி தூளைத் தூவி, கம்பளித் துணியால் அல்லது ஃபெல்ட் பேடால் சின்னச் சின்ன வட்டமாக ஐந்து முதல் பத்து நிமிடம் அழுத்தித் தேய்க்கவும். காய ஆரம்பித்தால் சில துளி தண்ணீர். பிறகு நன்றாக அலசவும். முதலில் ஒரு மூலையில் முயன்று பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வரவேண்டும், ஏனென்றால் தேய்த்த இடம் மற்ற இடத்தைவிடப் பளபளத்தாலும் கண்ணை உறுத்தும்.

விரலில் பள்ளம் தட்டுப்பட்டால் ஆளும் மெஷினும்தான் வழி. டயமண்ட் பேடு எண் 120, 220, 400, 800 என்று ஏறிக்கொண்டே போவார்கள். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய எண்ணின் கீறல் அப்படியே நிற்கும். பாலிஷ் ஏறிய பிறகுதான் அது தெரியும். வேலை நடக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடு கட்டும்போது ஒன்றைச் சொல்லிவையுங்கள்: சிமெண்ட் திட்டை அது ஈரமாக இருக்கும் அன்றைக்கே நனைந்த சாக்கால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஆசிட் கேன் வீட்டுக்குள்ளேயே வரவேண்டாம்.

கழிப்பறைக் கோப்பைக்கு ஆசிட் திரவம் போடாமல் முடியாது. சுற்றிலும் மார்பிள். என்ன செய்வது?

ஹார்பிக் மாதிரியான திரவங்களில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. பிரஷ்ஷை வெளியே எடுக்கும்போது சொட்டுகிற நாலு சொட்டுதான் கல்லில் புள்ளி புள்ளியாக மங்கலை உண்டாக்குகிறது.

ஊற்றும் முன் கோப்பையைச் சுற்றியுள்ள கல்லை நன்றாக நனைத்துவிடுங்கள். ஈரக்கல்லில் விழும் சொட்டு உடனே நீர்த்துப்போகும். பிரஷ்ஷைக் கோப்பைக்குள்ளேயே தட்டி, ஃப்ளஷ் தண்ணீரில் அலசிய பிறகு எடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதன் ஆவி குழாயின் குரோம் பூச்சையும் அரிக்கும். கல்லில் சிந்திவிட்டால் துடைக்கப் போகாமல் முதலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அதன்மேல் சமையல் சோடாவைத் தூவி, பிறகு கழுவுங்கள். 'டைல் கிளீனர்' என்று விற்கும் பலவற்றிலும் அமிலம்தான் இருக்கிறது, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

குழாயடியில் வெள்ளை வளையம் கட்டியாகப் பிடித்திருக்கிறது. போர் தண்ணீர். வினிகர் போடலாமா?

கிரானைட் என்றால் போடலாம். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து வளையத்தின் மேல் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கல் இணைப்புகளில் உள்ள சிமெண்ட் பாயிண்டிங்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அமிலத்தில் கரையும்.

மார்பிள், கோட்டா, கடப்பா என்றால் கூடாது. அந்த வெள்ளை வளையமும் கால்சியம் கார்பனேட், அடியில் இருக்கும் கல்லும் கால்சியம் கார்பனேட். ஒன்றைக் கரைக்கும் எதுவும் மற்றதையும் கரைக்கும். சோப்புத் தண்ணீரால் நனைத்து, புதிய பிளேடைக் கல்லோடு படுக்கையாக வைத்துச் சீவி எடுப்பது ஒன்றே பத்திரமான வழி. பிளேடின் மூலை கல்லில் பதியக்கூடாது. பொறுமை வேண்டிய வேலை. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். குழாய் சொட்டுகிறது என்றால் முதலில் வாஷரை மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் இதே வளையம் இதே இடத்தில்.

சுவர்க்கல்லில் மங்கலான பிசுக்குப் படலம். சோப்புப் போட்டால் இன்னும் மோசமாகிறது.

கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் குளியல் சோப்பும் சேர்ந்த படலம் அது. சோப்பால் வந்ததைச் சோப்பால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசி, ஐந்து நிமிடம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு முறை அலசுங்கள். சோடா கல்லில் தங்கினால் அதுவே பிறகு வெள்ளையாகப் பூக்கும் என்பதால் அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

தீபாவளிக்கும் சனிக்கிழமைகளிலும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடு. கல்லில் கறுத்த திட்டு விழுந்துவிட்டது. போகுமா?

போகும், ஆனால் தேய்த்தால் போகாது. எண்ணெய் கல்லின் மேலே இல்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. கோவில் தூண்களில் எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு கெட்டியான கருங்கல்லே எண்ணெய் குடிக்கும் என்றால் மார்பிளைச் சொல்லவே வேண்டாம்.

சிந்திய உடனே என்றால் துணியால் ஒற்றி எடுங்கள். துடைத்தால் பரவும். மேலே டால்கம் பவுடர் அல்லது மைதாவைக் கனமாகத் தூவி இரவு முழுக்க விட்டால் பாதியை இழுத்துவிடும்.

பழைய திட்டுக்கு மாவுப்பற்று போடவேண்டும். தலைவலிக்குப் பற்று போடுவது போலத்தான். சமையல் சோடா அல்லது சீனாக் களிமண் தூளை எடுத்து, அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கும் திரவம்) விட்டுப் பிசையுங்கள். பதம் முக்கியம்: தோசைமாவு ஆகாது, உளுந்துவடை மாவு போல, கரண்டியில் அள்ளிக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ தூள் ஆகும்.

கறை உள்ள இடத்தை முதலில் துடைத்துக் காயவிடுங்கள். பற்றைக் கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலம் வரை, கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் கனத்தில் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பற்று முழுதாகக் காய்ந்து வெடிக்கும் வரை தொடாதீர்கள்.

இந்தக் காய்கிற கட்டம்தான் வேலையே. மூடியிருக்கும்போது அசிட்டோன் கல்லுக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்கிறது. திறந்த பிறகு அது ஆவியாவதற்காக மேலே ஏறும்போது எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வந்து தூளில் விட்டுவிடுகிறது. ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுத்தால் கறை பாதி வழியில் நின்றுவிடும். மழைக்காலத்தில் இது இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஃபேன் வைக்கலாம். மரக்கரண்டியால் வழித்து, கழுவி, காய்ந்த பிறகு பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் கறுப்பாகத்தான் தெரியும், அதைப் பார்த்து மனம் தளரவேண்டாம். ஆழமான கறைக்கு மூன்று நான்கு தடவை ஆகலாம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். கதவு ஜன்னலைத் திறந்து, ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஃபேனையும் வாடை போன பிறகு போடுங்கள்.

மஞ்சள், சீயக்காய், மருதாணி, வெற்றிலைக் கறைகளுக்கும் அதே பற்றுதானா?

முறை அதேதான், திரவம் வேறு. இவை எல்லாம் தாவரச் சாயம், இவற்றை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். மருந்துக்கடையில் '20 வால்யூம்' என்று கேட்டால் கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம், அது போதும். வெளிர்நிறக் கல்லுக்கு மட்டும். கடப்பாவிலும் அடர்நிறக் கற்களிலும் பெராக்சைடு நிறத்தையே வெளிறச் செய்யக்கூடும், அங்கே அசிட்டோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கறையில் சோப்போ சோடாவோ பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும். பயப்பட ஒன்றுமில்லை, காரம் பட்டால் மஞ்சளின் இயல்பு அது. மஞ்சளுக்கு வெயில் நல்ல மருந்து. ஜன்னல் வெயில் விழும் இடத்தில் உள்ள கறை சில நாளில் தானே வெளுக்கும். சீயக்காய்க்கு இரட்டைக் குணம்: பழுப்புக் கறையும் விடும், கொஞ்சம் புளிப்பும் உண்டு. அரைத்த சீயக்காய்க் கிண்ணத்தை மார்பிள் திண்டில் நேராக வைக்காமல் ஒரு தட்டில் வையுங்கள். வெள்ளி, பித்தளை துலக்கிய புளித் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக.

துருக்கறை?

சவர பிளேடு, ஷேவிங் நுரை டப்பாவின் அடி, இரும்பு வாளியின் வளையம் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் ஷவருக்கு நேர் கீழே செம்பழுப்புப் பட்டை விழும். அப்படியென்றால் தொட்டிக்கு வரும் வழியில் இரும்பு நீக்கும் ஃபில்டர் வைக்காமல் கல்லைச் சுத்தம் செய்து பயனில்லை.

கிரானைட்டில் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைப் பற்றாகப் போடலாம். சுண்ணாம்பு இனக் கல்லில் அது மேற்பரப்பைக் கெடுக்கும். மார்பிளுக்கென்றே விற்கும் அமிலமில்லாத துருநீக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த துருநீக்கிகளைக் கிரானைட்டிலும் தொடாதீர்கள், அது கிரானைட்டையே அரிக்கும், கைக்கும் பெரும் ஆபத்து. ஆழமாக இறங்கிய துரு முழுதாகப் போவது அரிது. ஐந்தாவது பற்றுக்குப் பிறகும் நின்றால் அந்த ஒரு பலகையை மாற்றுவது மலிவு.

கடற்கரையை ஒட்டிய வீடு. சுவர்க்கல்லின் அடிப்பகுதியில் வெள்ளைப் பொடி பூத்துக்கொண்டே இருக்கிறது. கழுவினால் போகிறது, நாலு நாளில் திரும்ப வருகிறது.

கழுவுவதுதான் அதைத் திரும்ப வரவழைக்கிறது. சுவருக்குள் உப்பு இருக்கிறது. மணலில் வந்திருக்கலாம், கிணற்றுத் தண்ணீரில் குழைத்த சிமெண்டில் வந்திருக்கலாம், தரையிலிருந்து ஓதமாக ஏறியிருக்கலாம். தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு கல்லின் முகத்துக்கு வந்து, தான் ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. நீங்கள் கழுவும்போது பாதி உப்பு கரைந்து கல்லுக்குள்ளேயே திரும்பப் போகிறது.

பொடியாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் வேண்டாம். அதே சமயம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: சுவருக்குப் பின்னால் கசியும் பைப்பா, விரிந்த பாயிண்டிங்கா, வெளிச்சுவரில் மழை அடிக்கும் பக்கமா? அதை அடைக்காமல் மேலே செய்வது எல்லாம் வீண்.

வரத்து நின்ற பிறகு, உள்ளே மிஞ்சிய உப்பை இழுக்கக் காகிதக்கூழ் போடலாம். நம் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் கடலில் நிற்கிறது. 2000 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலையை உப்புக்காற்றிலிருந்து காக்க, அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி, காகிதக்கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுத்து, அதன் பிறகே சிலிக்கான் ரசாயனம் பூசுகிறார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உப்பை எடுப்பது, பிறகுதான் பூச்சு.

வீட்டில் செய்ய, அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தை அல்லது டிஷ்யூவைக் கிழித்து ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து மசித்துப் பிழிந்து, அரை அங்குலக் கனத்தில் சுவரில் அப்புங்கள். மூடவேண்டாம். காய்ந்து தானே உரியத் தொடங்கியதும் எடுத்துவிட்டுப் புதிதாக இன்னொன்று. எடுத்த கூழை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். சுவரில் பூக்கும் பொடி குறைவதே அடையாளம். கிணற்றுத் தண்ணீரில் கூழ் செய்தால் உப்பை எடுப்பதற்குப் பதில் ஏற்றிவிடுவீர்கள்.

பூத்துக்கொண்டிருக்கும் கல்லுக்கு சீலர், அதாவது தண்ணீரும் கறையும் இறங்காமலிருக்கக் கல்லில் பூசும் திரவம், அடிப்பது பெரிய தவறு. உப்பு வெளியே வரமுடியாமல் தோலுக்கு அடியிலேயே படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உரிக்கும்.

பாசியும் கறுப்புப் பூஞ்சையும் ஆடி மாதம் வந்தால் தவறாமல் பிடிக்கிறது. பிளீச்சிங் பவுடர் தூவலாமா?

தூவலாம், ஆனால் அது வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு விடும். திரவ பிளீச் வசதி. 4 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்த்து அலசுங்கள். எல்லாக் கல்லுக்கும் எப்போதாவது செய்தால் ஒன்றும் ஆகாது, வாரா வாரம் வேண்டாம்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரைத் தூவி, 'இன்னும் நன்றாக வெளுக்கட்டும்' என்று அதன்மேல் ஆசிட்டை ஊற்றுவது. குளோரின் வாயு கிளம்பும். சின்ன மூடிய அறையில் அது ஆளைச் சாய்க்கும். அம்மோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மருந்து.

பூஞ்சை திரும்பத் திரும்ப ஒரே மூலையில் வந்தால் காற்று அங்கே போகவில்லை என்று அர்த்தம். குளித்து முடித்து அரை மணி நேரமாவது எக்ஸாஸ்ட் ஓடட்டும், கதவுக்கு அடியில் காற்று நுழைய ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும்.

சீலர் அடிக்க வேண்டுமா? கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதலில் கல்லைக் கேளுங்கள். காய்ந்த கல்லில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். இடம் கறுத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் தேவை. கறுக்கவில்லையென்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். கெட்டியான கறுப்பு கிரானைட் பலவற்றுக்குத் தேவையே இல்லை.

வாங்கினால் உள்ளே இறங்கும் வகை, சிலேன் அல்லது சிலாக்ஸேன் அடிப்படையிலானது. மேலே படலமாக நிற்கும் பளபளப்பு கோட்டிங்கும் மெழுகும் குளியலறைக்கு ஆகாது. அடியிலிருந்து வரும் ஈரம் அவற்றை வெள்ளையாக மூட்டமிட வைத்து, செதிலாக உரித்துவிடும். தரையில் வழுக்கவும் செய்யும்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். தை, மாசியில், மழை ஓய்ந்த பிறகு. கல் குறைந்தது இரண்டு நாள் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் இது சிரமம்தான். ஊருக்குப் போகும் நாளுக்கு முன்பு திட்டமிடலாம். துணியால் சீராகப் பூசி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை, வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடம், ஊறவிட்டு, மேலே மிஞ்சியதை ஒட்டுமொத்தமாகத் துடைத்து எடுங்கள். கெடுவது இங்கேதான். மிச்சம் மேலேயே காய்ந்தால் பிசுக்குப் படலமாகும். அப்படி ஆகிவிட்டால் அதே சீலரைக் கொஞ்சம் மேலே பூசி, இளகியதும் துடைத்து எடுக்கலாம். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டாம்.

சீலர் கறையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆசிட் மங்கலைத் தடுக்காது. 'சீலர் அடித்தாயிற்று, இனி எலுமிச்சை பட்டாலும் ஒன்றுமில்லை' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர்ச் சோதனை செய்து, கறுத்தால் மட்டும் மறுபடி அடியுங்கள்.

கடப்பா கல் சாம்பல் பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கறுப்பு வருகிறதே?

ஈரம் பட்டாலும்தான் கறுப்பாகும். எண்ணெய் ஒரு வாரம் தாங்கும், பிறகு பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துத் திட்டுத் திட்டாகிவிடும். தரையில் தேய்த்தால் வழுக்கி விழ வழி. பத்மநாபபுரம் அரண்மனைத் தரை கண்ணாடி மாதிரி கறுத்துப் பளபளப்பதைக் காட்டிச் சிலர் கேட்பார்கள். அது கல்லே அல்ல, சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியதாகச் சொல்லப்படும் பூச்சு. கடப்பாவுக்கு அந்த வழி பொருந்தாது.

சாம்பல் நிறம் வருவது ஆசிட்டோ எலுமிச்சையோ பட்டு மேல்தோல் அரித்ததால். தண்ணீரில் நனைத்த எமரித் தாளால் 220, 400, 800 என்ற வரிசையில் ஒரே திசையில் தேய்த்து, கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, 'கலர் என்ஹான்ஸிங்' வகை சீலர் பூசுங்கள். அது உள்ளே இறங்கி நிறத்தை ஆழமாகக் காட்டும்.

வெள்ளை மார்பிள் அங்கங்கே மஞ்சளாகிறது. கறை எதுவும் சிந்தவில்லை.

சில வெள்ளைக் கற்களுக்குள்ளேயே இரும்புத் துகள் இருக்கும். ஓயாமல் ஈரத்தில் இருந்தால் அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஓட்டையைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும் மஞ்சள் கூடுதலாக இருந்தால் காரணம் இதுதான். தேய்த்தும் பற்றுப் போட்டும் பெரிதாக மாறாது. ஈரத்தைக் குறைத்தால் பரவுவது நிற்கும். தண்ணீர் ஓட்டைக்கு ஓடும் சாய்வு ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே தேங்கும். சாம்பல் சிமெண்டில் வெள்ளைக் கல்லைப் பதித்திருந்தால் அடியின் கருமை மேலே தெரிவதும் உண்டு. அதற்குப் பதித்தபின் மருந்தில்லை.

சுவரும் தரையும் சேரும் இடத்தில் சிலிக்கான் கறுத்துவிட்டது. மேலேயே புதிதாகப் பூசலாமா?

கூடாது, பழையதில் புதியது ஒட்டாது. பிளேடால் முழுதாக வெட்டி எடுத்து, பிளீச் கரைசலால் துடைத்து, காய்ந்த பிறகு பூசுங்கள். வாங்கும்போது 'நியூட்ரல் கியூர்' என்று கேளுங்கள். சாதாரண சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்குமே, அந்த அசிட்டிக் அமிலமே மார்பிளின் ஓரத்தை அரிக்கும்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாலிஷ் கிரானைட் தரை வழுக்குகிறது. கல்லை மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். பதித்த இடத்திலேயே மெஷினால் பளபளப்பை எடுத்துச் சொரசொரப்பாக்கலாம். மார்பிள், கோட்டா என்றால் 400 எண் பேடோடு நிறுத்தச் சொல்லுங்கள்: மங்கலான வழவழப்பு கிடைக்கும், ஆசிட் புள்ளிகளும் அதில் அவ்வளவாகத் தெரியாது. புதிதாகப் போடுவதானால் குளிக்கும் இடத்துக்கு நெருப்பில் வாட்டிய கிரானைட்டே நல்லது. அதில் அழுக்கு சீக்கிரம் தங்கும். வாரம் ஒரு முறை பிரஷ் போட வேண்டியிருக்கும். விழுந்து இடுப்பு ஒடிவதற்கு அது தேவலாம்.

குடும்பம் வளைகுடாவில். வீடு பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். திரும்பி வரும்போது பாத்ரூம் கல் ஒரு கோலமாக இருக்கிறது.

பூட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே பாத்ரூமைக் கழுவிக் காயவிடுங்கள். சோப்பு, வாளி, கால்மிதி எதையும் கல்மேல் விட்டுவைக்காதீர்கள், பத்து மாத ஈரத்தில் ஒவ்வொன்றும் தன் வடிவத்தைப் பதித்துவிடும். பாத்ரூமுக்கு வரும் வால்வை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து வடித்துவிடுங்கள். கொசுவலை அடித்த வென்டிலேட்டரையும் பாத்ரூம் கதவையும் திறந்தே வையுங்கள். ஓட்டையின் நீர்ப்பொறி (அடியில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) வற்றினால் நாற்றமும் கரப்பானும் ஏறும், அதனால் கடைசியாகக் கிளம்பும்போது ஓட்டையில் ஒரு செம்பு தண்ணீரும் அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கும். கல்லில் சிந்தாமல் புனல் வைத்து ஊற்றுங்கள்.